இடுப்பு முறிந்தால் நுரையீரல் ஏன் நோயுறுகிறது? முதுமையில் எலும்புமுறிவும் நோயெதிர்ப்பும்

78 வயதுப் பாட்டி ஒருவர் குளியலறை ஈரத்தில் கால் வழுக்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததுதான். ஆனால் எலும்பு ஏற்கெனவே அடர்த்தி இழந்து மெலிந்திருந்ததால், தொடையெலும்பின் கழுத்து, அதாவது இடுப்புக் கிண்ணத்துக்குள் உருளும் பந்துக்குக் கீழே ஒடுங்கியிருக்கும் பகுதி, முறிந்துவிடுகிறது. மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து செயற்கைப் பந்து பொருத்துகிறார்கள். எக்ஸ்ரே படம் திருப்தியாக இருக்கிறது, தையலும் ஆறிவருகிறது. ஆனால் ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ மூச்சிரைப்பு தொடங்குகிறது, நிமோனியா என்கிறார்கள். “அடிபட்டது இடுப்பில்தானே, நெஞ்சில் ஒன்றும் இல்லையே” என்று வீட்டார் கேட்பது மிக நியாயமான கேள்வி. அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே, காயத்துக்கும் முதுமைக்கும் நோயெதிர்ப்புக்கும் உள்ள உறவு பெரும்பாலும் விளங்கிவிடும்.

இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பதைப் பல நாட்டுப் பதிவேடுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. முறிந்த எலும்பே நேரடியாக உயிரைப் பறிப்பது அரிது. நிமோனியாவும் பிற தொற்றுகளும் இதயக் கோளாறுகளுமே பெரும்பாலும் காரணமாகின்றன. படுத்த படுக்கையாகக் கிடப்பதால் சளி தேங்கிவிடுகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது சரியான விளக்கமே, ஆனால் முழு விளக்கம் அல்ல. விபத்தில் தொடையெலும்பு முறிந்து அதேபோலப் படுத்திருக்கும் 25 வயது இளைஞர் அதே அளவுக்குத் தொற்றுக்கு ஆளாவதில்லை. படுக்கை இருவருக்கும் பொது. காயத்துக்கு உடல் காட்டும் எதிர்வினைதான் வேறு.

முதுமையில் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடுகிறது என்று சொல்லி இதை முடித்துவிடலாம்; பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். அது பாதி உண்மை. முதியவரின் நோயெதிர்ப்பு மண்டலம் காயத்துக்குப் பின் சில இடங்களில் அளவுக்கு மீறிச் சீறுகிறது, சில இடங்களில் செயலற்று நிற்கிறது, தணிய வேண்டிய நேரத்தில் தணிவதும் இல்லை. இவை மூன்றும் ஒரே உடலில் ஒரே வாரத்தில் நடப்பதுதான் சிக்கல்.

கிருமி இல்லாமலே எழும் கூக்குரல்

முதலில், எந்த வயதினருக்கும் பொதுவாக நடப்பதைப் பார்ப்போம். தோல் கிழியாமல் உள்ளுக்குள் எலும்பு மட்டும் முறிந்த இடத்தில் கிருமி எதுவும் கிடையாது. ஆனாலும் சிறிது நேரத்திலேயே அந்த இடம் வீங்கிச் சூடேறுகிறது; இதைத்தான் அழற்சி என்கிறோம். வெள்ளணுக்கள் அங்கே குவிகின்றன. எதிரியே இல்லாத இடத்துக்குப் படை ஏன் வருகிறது? 1994-இல் அமெரிக்க நோயெதிர்ப்பியலாளர் பாலி மாட்சிங்கர் முன்வைத்த கருத்து இந்தப் புதிருக்கு ஒரு வழி காட்டியது. நோயெதிர்ப்பு மண்டலம் ‘இது நம்முடையதா, அந்நியமா’ என்று மட்டும் பார்ப்பதில்லை, ‘இங்கே ஏதேனும் ஆபத்து நேர்ந்திருக்கிறதா’ என்றும் பார்க்கிறது என்றார் அவர். செல்லுக்குள் அடைபட்டிருக்க வேண்டிய பொருட்கள் வெளியே கொட்டிக் கிடந்தால், அதுவே ஆபத்தின் அடையாளம். வீட்டுக்குள் இருக்க வேண்டிய பண்டபாத்திரங்கள் தெருவில் சிதறிக் கிடந்தால், திருடனைக் கண்ணால் காணாவிட்டாலும் அக்கம்பக்கத்தார் ஓடிவருவார்கள் அல்லவா, அதைப் போன்றது இது.

அப்படிச் சிதறும் பொருட்களில் மிகவும் வியப்பூட்டுவது மைட்டோகாண்ட்ரியாவின் துணுக்குகள். செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் இந்த உறுப்புகள், பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்களின் வழிவந்தவை. ஆகவே அவற்றின் டி.என்.ஏ.வும் புரதத் துண்டுகளும் இன்றும் பாக்டீரியாவின் சாயலிலேயே இருக்கின்றன. பலத்த காயமடைந்தவர்களின் இரத்தத்தில் இந்த மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பன்மடங்கு மிகுந்திருப்பதையும், அது வெள்ளணுக்களைத் தூண்டிவிடுவதையும் பாஸ்டன் நகர ஆராய்ச்சிக் குழுவொன்று 2010-இல் காட்டியது. அதாவது, பெரிய எலும்பு முறியும்போது உடலுக்குத் தன் சொந்தச் செல்களின் சிதிலமே தொற்றைப் போலத் தோன்றுகிறது. தொடையெலும்பு உடலின் மிகப் பெரிய எலும்பு என்பதையும், அதன் உள்ளே மஜ்ஜை நிறைந்திருக்கிறது என்பதையும் நினைத்துப் பார்த்தால், விரல் எலும்பு முறிவதற்கும் இது முறிவதற்கும் உள்ள வேறுபாடு புரியும். சிதிலத்தின் அளவு கூடக்கூட அந்தக் கூக்குரல் முறிந்த இடத்தைத் தாண்டி, இரத்தத்தின் வழியாக உடல் முழுவதும் கேட்கிறது.

முதலில் வந்து சேர்பவை நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள். உடல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைத் தயாரிக்கிறது. அவற்றின் ஆயுள் குறைவு, வேகம் அதிகம். கிருமியை விழுங்கி, அதன் மீது வீரியமான ஆக்சிஜன் வேதிப்பொருட்களைப் பாய்ச்சிக் கொல்வது அவற்றின் தொழில். அவற்றுக்குப் பின்னால் மேக்ரோஃபேஜ்கள் வருகின்றன. பெருந்தீனிக்காரர் என்று பொருள்படும் இந்தப் பெயரை வைத்தவர் ருஷ்ய உயிரியலாளர் இலியா மெட்ச்னிகாஃப். 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில், ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் முள்ளைக் குத்திவைத்து, மறுநாள் காலையில் அந்த முள்ளைச் செல்கள் சூழ்ந்து நிற்பதைக் கண்டவர் அவர். 1908-இல் நோபல் பரிசு பெற்றார். நம் கட்டுரைக்கு அவர் இன்னொரு வகையிலும் உறவினர்: முதுமையை ஆராயும் துறைக்கு, முதுமையியல் என்று நாம் சொல்லும் அந்தத் துறைக்கு, மேலைநாட்டுப் பெயரைச் சூட்டியவரும் அவரே. முதுமையைத் தள்ளிப்போடும் என்று நம்பிப் புளித்த பாலை நாள்தோறும் பருகியவர் என்பதையும் தயிர்ச்சோற்றை விடாத நம்மவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

மேக்ரோஃபேஜ்கள் வெறும் துப்புரவுப் பணியாளர்கள் அல்ல. தொடக்கத்தில் அவை சீற்றமான வடிவத்தில் இருந்து அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை, சைட்டோகைன்கள் என்னும் புரதங்களை, வெளியிடுகின்றன. இடிபாடுகளை அகற்றி முடிந்ததும் அவற்றின் குணம் மாறுகிறது. இரத்தக் குழாய்களை வளர்க்கவும் எலும்புச் செல்களை அழைக்கவும் உதவும் சமிக்ஞைகளுக்கு அவை தாவுகின்றன. இந்தக் குணமாற்றம் உரிய நாளில் நடந்தால்தான் முறிந்த இடத்தில் முதலில் குருத்தெலும்பு போன்ற மென்மையான பிணைப்பும், பிறகு கெட்டியான எலும்பும் உருவாகும். முறிவுக்குப் பின் வரும் அழற்சி, பொறுத்துக்கொள்ள வேண்டிய தொல்லை மட்டுமன்று, எலும்பு ஒட்டுவதற்கான முதல் படி. அழற்சியை உண்டாக்கும் காக்ஸ்-2 என்னும் நொதி இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில் எலும்புமுறிவு சரியாகக் கூடுவதில்லை என்பது 2002 வாக்கிலேயே நிறுவப்பட்டது.

எலும்பும் நோயெதிர்ப்பும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் அவற்றின் குடும்ப உறவு. வெள்ளணுக்கள் பிறக்கும் இடமே எலும்பு மஜ்ஜை. எலும்பை அரித்துச் செதுக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல், மேக்ரோஃபேஜ்களின் வழியில் வந்த பங்காளி. 2000-ஆம் ஆண்டில் இந்த இரண்டு துறைகளையும் சேர்த்து ‘ஆஸ்டியோஇம்யூனாலஜி’ என்று ஒரு புதுப் பெயரே வைத்துவிட்டார்கள்.

முதுமை கொண்டுவரும் மாற்றம்

இனி அந்தப் பாட்டியின் உடலுக்கு வருவோம். விழுவதற்கு முதல் நாள் அவர் நலமாகத்தான் இருந்தார். ஆனால் அவருடைய நோயெதிர்ப்பு மண்டலம் அமைதியாக இருக்கவில்லை. 2000-இல் இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாவுடியோ பிரான்செஸ்கி, வயது ஏற ஏற உடலில் மெல்லிய, ஓயாத அழற்சி குடிகொள்கிறது என்று சுட்டிக்காட்டினார். காய்ச்சலோ வீக்கமோ இராது. ஆனால் இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் இளமையில் இருந்ததைவிட இரத்தத்தில் சற்று உயர்ந்தே நிற்கும். பிரிவதை நிறுத்திவிட்டும் சாகாமல் தங்கிவிட்ட முதிய செல்கள், வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, காவல் தளர்ந்த குடல் சுவர், உடலில் நிரந்தரமாகத் தங்கிவிடும் சில வைரஸ்கள் என்று இதற்குப் பல ஊற்றுகள் உண்டு. சாம்பல் பூத்திருந்தாலும் அடுப்புக்குள் தணல் கனன்றுகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கம் இழப்புகள். மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிதான் டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் பயிற்சி பெறும் பள்ளி. அது சிறு வயதிலேயே சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பகுதி கொழுப்பாக மாறிவிடுகிறது. ஆகவே புதிய கிருமிகளைச் சந்திக்கத் தயாராக இருக்கும் ‘அனுபவமற்ற’ டி செல்கள் குறைந்து, பழைய போர்களில் தேர்ந்த செல்களே பெருகிக் கிடக்கின்றன. சைட்டோமெகலோ வைரஸ் இதை மேலும் ஒருபக்கமாகச் சாய்க்கிறது. இந்தியாவில் பெரும்பாலானோருக்கு இளம் வயதிலேயே தொற்றி, எந்த நோயும் காட்டாமல் வாழ்நாள் முழுவதும் உடலில் ஒளிந்திருக்கும் வைரஸ் இது. இதைக் காவல் காக்கவே டி செல்களின் கணிசமான பங்கு செலவாகிவிடுகிறது.

நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை முதுமையில் பெரிதாகக் குறைவதில்லை. குறைவது அவற்றின் திசையறிவு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் சேப்பியும் ஜேனட் லார்டும் அவர்களுடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், முதியவர்களின் நியூட்ரோஃபில்கள் இளையவர்களுடையதைப் போன்றே வேகமாக நகர்ந்தாலும், சமிக்ஞை வரும் திசையில் நேராகச் செல்லாமல் அங்குமிங்கும் அலைவது தெரியவந்தது. இந்த அலைச்சலுக்கு இரட்டை விலை உண்டு. கிருமி இருக்கும் இடத்தை அடையத் தாமதமாகிறது. போகும் வழியெல்லாம் அவை சிந்தும் நொதிகள் நல்ல திசுக்களையும் அரிக்கின்றன. முதியவருக்கு ‘எதிர்ப்புச் சக்தி குறைவு’ என்பதைவிட ‘எதிர்ப்புச் சக்தி குறிதவறுகிறது’ என்பது பொருத்தமான விளக்கம் என்று நான் கருதுவதற்கு இந்த ஒரு கண்டுபிடிப்பே போதுமான காரணம்.

இரண்டும் சந்திக்கும் இடம்

ஏற்கெனவே கனன்றுகொண்டிருக்கும் உடலில் தொடையெலும்பு முறிகிறது. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அறுவை சிகிச்சை என்னும் இரண்டாவது காயமும் சேர்கிறது. இன்டர்லூக்கின்-6 வேகமாக ஏறுகிறது. அதன் கட்டளைப்படி கல்லீரல் சி.ஆர்.பி. என்னும் புரதத்தை உற்பத்தி செய்ய, அது ஏறத்தாழ 48 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடுகிறது. மருத்துவமனையில் நாள்தோறும் இரத்தம் எடுத்து இதைத்தான் பார்க்கிறார்கள். இரண்டாம் நாள் சி.ஆர்.பி. மிக உயர்ந்திருப்பதைக் கண்டு வீட்டார் பதறத் தேவையில்லை, அது காயத்தின் எதிரொலி. ஆனால் இறங்க வேண்டிய நாளில் இறங்காமல் நின்றாலோ, இறங்கிய பிறகு மீண்டும் ஏறினாலோ, மருத்துவர் தொற்றைத் தேடத் தொடங்குவார்.

இப்படி அழற்சி கொழுந்துவிடும்போதே அதற்கு எதிரான அடக்குமுறையும் தொடங்கிவிடுகிறது. முதலில் அழற்சி, அது ஓய்ந்த பிறகு தளர்ச்சி என்று வரிசையாக நடப்பதாகத்தான் நெடுங்காலம் கருதினார்கள். 2011-இல் அமெரிக்காவில் கடும் காயமடைந்தவர்களின் வெள்ளணுக்களை ஆராய்ந்தபோது, அவற்றின் மரபணுச் செயல்பாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு மாறியிருந்தது. அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் எழும் அதே நேரத்தில், டி செல்கள் சார்ந்த மரபணுக்கள் ஒடுங்கிக் கிடந்தன. இளையவர்களில் இந்தப் புயல் விரைவில் எழுந்து விரைவில் ஓய்கிறது. வயதானவர்களிலோ தொடக்கத்தில் மந்தமாகவும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாமல் நீண்டுகொண்டே போவதாகவும் காணப்பட்டது.

அடக்குமுறையின் முக்கியக் கருவி கார்ட்டிசால். காயம், வலி, அச்சம் ஆகிய எதுவானாலும் அட்ரீனல் சுரப்பி இதை வெளியிடுகிறது. இது அழற்சிக்குக் கடிவாளம் போடும் ஹார்மோன். அதே சுரப்பி டி.ஹெச்.ஈ.ஏ. என்று இன்னொரு ஹார்மோனையும் தருகிறது. நோயெதிர்ப்பைப் பொறுத்தவரை இது பல வகைகளில் கார்ட்டிசாலுக்கு எதிர்த்தட்டு. தராசு போல இரண்டும் நின்றால் வெள்ளணுக்கள் முற்றிலும் முடங்குவதில்லை. ஆனால் டி.ஹெச்.ஈ.ஏ. 20 முதல் 30 வயதுக்குள் உச்சத்தைத் தொட்டு, 70 முதல் 80 வயதில் அந்த உச்சத்தில் 10 முதல் 20 விழுக்காடு அளவுக்கு வீழ்ந்துவிடுகிறது. கார்ட்டிசாலோ வயதால் அப்படிக் குறைவதில்லை. ஆகவே அன்றாட வாழ்க்கையில் எப்படியோ சமாளித்துவந்த தராசு, எலும்பு முறிந்த நாளில் ஒரேயடியாகச் சாய்ந்துவிடுகிறது.

இதை நேரடியாகச் சோதித்ததும் பர்மிங்ஹாமில்தான். இடுப்பெலும்பு முறிந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் நியூட்ரோஃபில்கள், கிருமியைக் கொல்லத் தேவையான ஆக்சிஜன் வேதிப்பொருட்களைக் குறைவாகவே தயாரித்தன. எலும்பு முறிந்த இளையவர்களில் இந்தக் குறைபாடு காணப்படவில்லை. 2005-இல் வெளியான தொடர் ஆய்வில், கார்ட்டிசாலுக்கும் டி.ஹெச்.ஈ.ஏ.வின் இரத்த வடிவத்துக்கும் உள்ள விகிதம் காயமடைந்த முதியவர்களில் உயர்ந்திருந்தது. பின்னர் தொற்றுக்கு ஆளானவர்களில் அது மேலும் உயர்ந்திருந்தது. சோதனைக் குழாயில் நியூட்ரோஃபில்கள் மீது கார்ட்டிசாலை மட்டும் சேர்த்தபோது அவற்றின் கொல்லும் திறன் குன்றியது, டி.ஹெச்.ஈ.ஏ.வையும் சேர்த்தபோது அந்தக் குன்றல் தடுக்கப்பட்டது.

இந்த நிலையில் நுரையீரலை நினைத்துப் பாருங்கள். வலியால் ஆழ்ந்து மூச்சுவிட முடியவில்லை, இருமவும் முடியவில்லை. நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்குகிறது. மயக்கமான நிலையில் உணவுத் துணுக்கோ உமிழ்நீரோ மூச்சுக்குழலுக்குள் இறங்குகிறது. தூண்டிவிடப்பட்ட நியூட்ரோஃபில்கள் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கித் தங்குவது வழக்கம். அவை அங்கே நொதிகளைச் சிந்துகின்றன, ஆனால் கிருமியைத் துல்லியமாகத் தேடிக் கொல்லும் வலு அவற்றுக்கு இல்லை. படை முழுவதும் இடுப்பைப் பார்த்துத் திரும்பியிருக்கும் நேரத்தில் எதிரி நெஞ்சின் வழியாக நுழைகிறான். வீட்டார் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

தசையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1930களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டேவிட் கத்பர்ட்சன், கால் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜன் மிகுந்து வெளியேறுவதைக் கவனித்தார். உடல் தன் தசையையே கரைத்துக்கொண்டிருந்தது. வெள்ளணுக்கள் பெருகவும் கல்லீரல் புரதங்களை உண்டாக்கவும் வேண்டிய அமினோ அமிலங்கள் தசையிலிருந்துதான் வருகின்றன. தசை அந்த வகையில் ஒரு குதிர். இளையவரின் குதிர் நிறைந்திருக்கிறது. முதியவர் ஏற்கெனவே மெலிந்த தசையோடு விழுகிறார், படுக்கையில் மேலும் இழக்கிறார், மருத்துவமனைக் கஞ்சியை இரண்டு கரண்டியோடு நிறுத்திவிடுகிறார். இருமுவதற்கு வேண்டிய தசையும் இந்தக் கணக்கில் அடக்கம்.

மூளையும் தப்புவதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் முதியவர் திடீரெனக் குழம்பிப் பேசுவது, இரவைப் பகல் என்பது, இறந்துபோன கணவரைக் கூப்பிடுவது ஆகியவற்றை மருத்துவர்கள் டெலிரியம் என்கிறார்கள். சுண்டெலியின் கால் எலும்பை முறித்த சோதனைகளில், உடலில் எழுந்த அழற்சிச் சமிக்ஞைகள் மூளையில் உள்ள நோயெதிர்ப்புச் செல்களையும் எழுப்பி நினைவாற்றலைக் குலைத்தன. ‘வயதானால் அப்படித்தான்’ என்று இந்தக் குழப்பத்தைத் தள்ளிவிடுவது ஆபத்து. முதியவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். புதிதாகத் தோன்றும் குழப்பமோ, சாப்பாட்டைத் திடீரென ஒதுக்குவதோ தான் சில நேரங்களில் முதல் அறிகுறி.

எலும்பு ஒட்டுவது ஏன் தாமதமாகிறது

தொற்றைத் தாண்டிவிட்டவர்களுக்கும் எலும்பு கூடுவதில் தாமதம் நேரலாம். எலும்புச் செல்கள் கிழடுதட்டிவிட்டன என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். அது எந்த அளவுக்கு உண்மை என்பதைச் சோதிக்க, சான்பிரான்சிஸ்கோவில் ரால்ஃப் மார்குசியோவின் குழு, வயது கூடிய சுண்டெலிகளுக்கு இளம் சுண்டெலிகளின் மஜ்ஜையைச் செலுத்தி, பிறகு எலும்பை முறித்துப் பார்த்தது. எலும்பு பழையது, வெள்ளணுக்கள் மட்டும் இளையவை. அந்த நிலையிலும் முறிவு விரைவாகக் கூடியது. முதிய எலியையும் இளம் எலியையும் ஒரே இரத்த ஓட்டத்தில் இணைத்த வேறொரு குழுவும் இதே திசையில் முடிவு கண்டது. பின்னர் 2018-இல், அந்தப் பயனில் இளம் மேக்ரோஃபேஜ்கள் சுரக்கும் பொருட்களுக்குப் பங்கிருப்பது தெரிந்தது.

மனிதர்களில் பெர்லின் சாரிட்டே மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட முடிவு இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட எலும்பு முறிந்து, கூடத் தாமதமானவர்களின் இரத்தத்தில், பழைய தொற்றுகளில் பலமுறை போரிட்டு முற்றிப்போன கொல்லி டி செல்கள் மிகுந்திருந்தன. முறிவு இடத்தின் இரத்தக்கட்டில் அவை மேலும் செறிந்திருந்து, எலும்பு உருவாவதைத் தடுக்கும் சமிக்ஞைகளை வெளியிட்டன. இந்தச் செல்கள் வயதோடும், முன்பு சொன்ன சைட்டோமெகலோ வைரஸோடும் பெருகுபவை. வாழ்நாள் முழுவதும் சேர்த்த நோயெதிர்ப்பு அனுபவம், அம்மை தடுப்பதற்கு உதவும், எலும்பு ஒட்டுவதற்குக் குறுக்கே நிற்கும் என்பது உயிரியலின் வேடிக்கைகளில் ஒன்று.

படுக்கையருகே

அழற்சி மிகுதிதான் சிக்கல் என்றால் அதை அடக்கும் மருந்தைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால், ஏற்கெனவே கார்ட்டிசால் பக்கம் சாய்ந்த தராசு இன்னும் சாயும்; எலும்பு கூடுவதற்கு வேண்டிய அழற்சியும் அடங்கிவிடும். எதிர்ப்புச் சக்தியை ‘ஏற்றும்’ பொடியும் லேகியமும் இதே காரணத்தால் பொருளற்றவை: குறிதவறும் படைக்கு மேலும் வேகம் கொடுப்பதால் குறி திருந்தாது. இன்றைக்குக் கையில் இருக்கும் வழி, அழற்சியைத் தூண்டும் காரணங்களைக் குறைப்பதும், தொற்று நுழையும் வாசல்களை அடைப்பதும்தான்.

அவற்றில் முதன்மையானது தாமதிக்காத அறுவை சிகிச்சை. முறிந்த எலும்பு முனைகள் அசையும்போதெல்லாம் புதிதாகத் திசு சிதைகிறது, வலியும் கார்ட்டிசாலும் தொடர்கின்றன. நாட்டு வைத்தியக் கட்டுக்கு அழைத்துப்போய் ஒரு வாரம் கழித்து மருத்துவமனைக்கு வருவது நம் பக்கத்தில் இன்றும் உண்டு. கை எலும்புக்கு எப்படியோ, மூட்டுக்குள் ஆழத்தில் இருக்கும் தொடையெலும்புக் கழுத்தை வெளியே போடும் எந்தக் கட்டும் அசையாமல் நிறுத்தாது. இங்கிலாந்தில் அனுமதிக்கப்பட்ட நாளிலோ மறுநாளிலோ அறுவை சிகிச்சை, அதற்கடுத்த நாளே எழுப்பி நிறுத்துதல், எலும்பு மருத்துவரோடு முதியோர் மருத்துவரும் சேர்ந்து கவனித்தல் என்பது வழக்கமாகிவிட்டது. இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஒரு பெரிய சோதனை, அறுவை சிகிச்சையை 24 மணி நேரத்திலிருந்து 6 மணி நேரத்துக்கு முன்தள்ளிப் பார்த்தது. இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் டெலிரியமும் சிறுநீர்ப்பாதைத் தொற்றும் குறைந்தன, நோயாளிகள் விரைவில் எழுந்து நின்றார்கள். ஒரு நாளுக்குள் செய்துவிடுபவர்களுக்கு இன்னும் அவசரப்படுவதால் உயிர்லாபம் பெரிதாக இல்லை என்றுதான் இதைப் படிக்க வேண்டும். ஒரு வாரம் தள்ளுவதற்கு இது சான்று ஆகாது.

மற்றவை எளியவை, ஆனால் வார்டில் தவறிப்போகக் கூடியவை. இடுப்பு நரம்பில் ஊசி போட்டு வலியைக் குறைத்தால் ஆழ்ந்து மூச்சுவிடவும் இருமவும் முடிகிறது. சாய்ந்து உட்காரவைத்து உணவு கொடுத்தால் மூச்சுக்குழலுக்குள் இறங்கும் வாய்ப்பு குறைகிறது. சிறுநீர்க்குழாயைத் தேவைக்கு மேல் ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. முட்டை, பருப்பு, பால், மீன் என்று புரதம் போதிய அளவு போய்ச்சேர வேண்டும். கஞ்சி மட்டும் போதாது. கண்ணாடியையும் காதுக் கருவியையும் பல்செட்டையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வது அற்பமாகத் தோன்றலாம், ஆனால் குழப்பத்தைத் தவிர்ப்பதில் அவற்றுக்கு உண்மையான பங்கு உண்டு.

மனநிலையையும் பர்மிங்ஹாம் குழு விட்டுவைக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் மனச்சோர்வு அறிகுறிகள் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் தனித்தனியே பிரித்து, அவர்களுடைய நியூட்ரோஃபில்களை நலமுள்ள முதியவர்களுடையதோடு 2013-இல் ஒப்பிட்டார்கள். கிருமியைக் கொல்லும் ஆக்சிஜன் வேதிப்பொருட்களைத் தயாரிக்கும் திறன், எலும்பு முறிந்ததோடு மனமும் சோர்ந்திருந்தவர்களில் தெளிவாகக் குறைந்திருந்தது. மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் அதே எலும்புதான் முறிந்திருந்தது. அவர்களுடைய நியூட்ரோஃபில்களில் அந்தச் சரிவு காணப்படவில்லை.